குலுக்கலில் கிடைத்த மருந்து

1994 டிசெம்பரில் ஒரு நாள், தென் சான் பிரான்சிஸ்கோவிலுள்ள ஜெனென்டெக் கம்பனியின் வளாகத்துக்குள் கார்கள் மரண ஊர்வலம் போல வரிசையாக நுழைந்தன. மார்பகப் புற்றுநோயால் இறந்த ஒரு பெண்ணின் தோழியரும் ஆர்வலர்களும் அவற்றில் இருந்தனர். கம்பனி அப்போது பரிசோதித்துக்கொண்டிருந்த மருந்தைக் கேட்டும் பெறாமலே அப்பெண் மறைந்திருந்தார்.

ஹெர்செப்டின் என்று பின்னர் பெயர்பெற்ற மருந்து அது. 1987 இல் டெனிஸ் ஸ்லாமனும் சகாக்களும் 189 மார்பகக் கட்டிகளை ஆராய்ந்து, ஏறத்தாழ 30 வீதமானவற்றில் ஹெர்2 என்னும் மரபணு பன்மடங்கு பெருகியிருப்பதைக் கண்டனர். அத்தகைய பெண்களிடம் நோய் விரைந்து திரும்பியது. அந்த மரபணு உண்டாக்கும் புரதத்தைத் தடுக்கும் பிறபொருளெதிரியே இம்மருந்து.

நோய் உடலெங்கும் பரவிய பெண்களுக்கு வழமையான இரசாயன மருந்துகளுடன் இதனையும் சேர்த்துக் கொடுத்தால் பலன் கூடுமா என்பதே கேள்வி. விடை காண, பாதிப் பேருக்கு இதனைக் கொடாதிருத்தல் வேண்டும். மரணத்தை எதிர்நோக்கும் ஒருத்தி அதற்கு எப்படி இணங்குவாள்? ஆட்சேர்ப்பு மந்தமாகியது. போலி மருந்து ஏற்றும் ஏற்பாடு கைவிடப்பட்டது. வேறு வழியற்ற நோயாளருக்கு, பரிசோதனைக்கு வெளியே, குலுக்கல் முறையில் மருந்து வழங்கப்பட்டது. உயிரைக் குலுக்கலில் விடுவது கொடுமைதான். ஆயினும் இருந்த மருந்தோ சொற்பம். அதைவிட நேர்மையான வழியை என்னால் நினைக்க முடியவில்லை.

1998 செப்டெம்பரில் மருந்துக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ('அற்புத மருந்து' என்ற தலைப்பு எமது தொழிலில் உள்ளோருக்கு எப்போதும் கைவசம் உண்டு.) 2001 இல் வெளியான முழுப் பெறுபேறு அதைவிட நிதானமானது. பங்குபற்றியோர் 469 பெண்கள். நோய் முற்றாமல் நின்ற காலம் 4.6 மாதத்திலிருந்து 7.4 மாதமாகவும், இடைநிலை ஆயுள் 20.3 மாதத்திலிருந்து 25.1 மாதமாகவும் உயர்ந்தன. ஐந்து மாதம்! வெளியாருக்கு அற்பமாகத் தோன்றலாம். பிள்ளையின் பரீட்சை முடியும்வரை இருக்க விரும்பும் தாய்க்கு அப்படியல்ல.

ஆனால் எவரும் எதிர்பாராத ஒன்றும் வெளிப்பட்டது. டொக்சோருபிசின் வகை மருந்துடன் இதனைச் சேர்த்துப் பெற்றவர்களில் 27 வீதமானோருக்கு இதயம் பாதிப்புற்றது. அவ்வகை மருந்தை மட்டும் பெற்றவர்களில் 8 வீதமே. கார்களில் வந்தவர்களின் கோபம் நியாயமானது. எனினும் கேட்ட அனைவருக்கும் மருந்து கொடுக்கப்பட்டிருந்தால், இந்த 27 க்கு ஒப்பிட அந்த 8 இருந்திராது. இவ்விரண்டையும் ஒருசேரக் கொடுப்பதை வைத்தியர்கள் பின்னர் பெரிதும் தவிர்த்தனர்.

ஒப்பீட்டுக் குழுவில் இருந்த பெண்களில் பலர், நோய் முற்றிய பின்னரே, அந்த மருந்தைப் பெற்றனர்.