கத்தி, வலை, கதிர்: பெண்களின் சிறுநீர்க்கசிவுச் சிகிச்சை வரலாறு

மருத்துவ வரலாறு பெரும்பாலும் கொள்ளைநோய்களின் வரலாறாகவும் அவற்றை வென்ற மேதைகளின் வரலாறாகவுமே எழுதப்பட்டு வந்துள்ளது. உயிரைக் கொல்லாது வாழ்வை மட்டும் குறுக்குகின்ற நோய்கள் அவ்வரலாற்றில் இடம்பெறுதல் அரிது. இருமும்போதும் தும்மும்போதும் சிரிக்கும்போதும் சுமை தூக்கும்போதும் பெண்களுக்குத் தம்மையறியாது சிறுநீர் கசிகின்ற நிலை அத்தகைய நோய்களுள் ஒன்று. மருத்துவ நூல்கள் இதனை அழுத்தச் சிறுநீர்க்கசிவு என வழங்கும். ஈண்டு அழுத்தம் என்பது மனவழுத்தமன்று; வயிற்றறையில் திடீரென உயரும் அமுக்கத்தையே அது குறிக்கும். மகப்பேற்றினாலும் வயதினாலும் இடுப்புத்தளத் தசைகளும் சிறுநீர்வழியைத் தாங்கிநிற்கும் இழையங்களும் தளர்ந்தவிடத்து, அவ்வமுக்கத்தை எதிர்த்துச் சிறுநீர்வழி மூடிநிற்க இயலாது போகின்றது.

நாணத்தினால் பெண்கள் இக்குறையை வைத்தியரிடமும் கூறாதிருத்தல் பல நாடுகளிலும் காணப்படும் வழக்கமாகும். இம்மௌனம் நோயை மறைத்ததோடு அமையவில்லை. புதிய சிகிச்சைமுறை ஒன்று தோன்றும்போது அது யாருடைய உடலில், எத்தகைய சோதனையின் பின்னர் கையாளப்படுகின்றது என்னும் வினா உரிய காலத்தில் எழாது போனமைக்கும் இம்மௌனம் ஒரு காரணமாயிற்று. அண்மைக் காலத்தில் லேசர்க் கதிர்ச் சிகிச்சை தொடர்பாக எழுந்துள்ள விவாதத்தை விளங்கிக்கொள்வதற்கு, அதற்கு முன்சென்ற கத்தியின் காலத்தையும் வலையின் காலத்தையும் நோக்குதல் வேண்டும்.

பெண்களின் சிறுநீர்க்கசிவுக்குச் சத்திரசிகிச்சை செய்யும் முயற்சி 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வேறொரு நோயிலிருந்து தொடங்கியது. நீண்டு துன்பம் தரும் பிரசவத்தின் விளைவாகச் சலப்பைக்கும் யோனிக்கும் இடையே துளை விழுந்து, சிறுநீர் இடையறாது ஒழுகும் நிலையே அது. ஐக்கிய அமெரிக்காவின் அலபாமா மாநிலத்திலுள்ள மொன்ற்கொமரி நகரில் 1845 தொடக்கம் 1849 வரை யே. மரியன் சிம்ஸ் என்னும் வைத்தியர் இத்துளையைத் தைத்து மூடும் முறையை வகுத்தார். அவர் அம்முறையை அடிமைகளாயிருந்த கறுப்பினப் பெண்கள்மீதே, மயக்கமருந்து இன்றி, மீண்டும் மீண்டும் சோதித்தார். அவர்களுள் அனார்க்கா, பெற்சி, லூசி ஆகிய மூவரின் பெயர்கள் மட்டுமே எஞ்சியுள்ளன. அனார்க்காவின் உடலில் ஏறத்தாழ 30 சத்திரசிகிச்சைகள் செய்யப்பட்டன. மறுக்கும் உரிமை இல்லாதவரிடம் பெறப்படும் சம்மதம் சம்மதமாகாது. சிம்சின் முறை பின்னர் எண்ணற்ற பெண்களுக்கு வாழ்வளித்தது என்பதும் உண்மையே. இவ்விரு உண்மைகளையும் ஒருங்கே ஏற்க நேர்ந்தமையாலேயே, நியூயோர்க் மத்திய பூங்காவில் நின்ற அவரது சிலை 2018ஆம் ஆண்டு ஏப்ரில் மாதத்தில் அகற்றப்பட்டது.

துளை எதுவும் இன்றியே நிகழும் கசிவு தனியொரு நோயாகக் கருதப்பட்டு முறையாக ஆராயப்பட்டது 20ஆம் நூற்றாண்டிலேயே எனலாம். ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹவார்ட் கெல்லி, சலப்பையின் கழுத்தருகேயுள்ள தளர்ந்த இழையங்களை மடித்துத் தைக்கும் முறையை 1913இல் விவரித்தார். 1949இல் மார்ஷல், மார்க்கெற்றி, கிரான்ற்ஸ் ஆகிய மூவரும் சிறுநீர்வழியை ஒட்டிய இழையங்களை முன்னுள்ள என்போடு இணைத்து உயர்த்தினர். 1961இல் ஜோன் பேர்ச் அம்முறையைத் திருத்தி, யோனிச் சுவரை உறுதியான இணையத்தில் தைத்துத் தொங்கவிடும் முறையை வகுத்தார். இம்முறையே பல ஆண்டுகள் சிறந்த சத்திரசிகிச்சையாக மதிக்கப்பட்டது.

கத்தியின் காலத்திலேயே கத்தி வேண்டாத ஒரு வழியும் தோன்றியது. கலிபோர்ணியாவைச் சேர்ந்த ஆர்ணல்ட் கெகல், இடுப்புத்தளத் தசைகளைச் சுருக்கி விரிக்கும் பயிற்சியினால் கசிவைக் குறைக்கலாம் என 1948இல் எடுத்துரைத்தார். தசையின் வலிமையை அளக்க அவர் ஒரு கருவியையும் அமைத்தார். எத்தசையைச் சுருக்குவது என்பதைப் பல பெண்கள் அறியார். ஆதலின் பயிற்சியை ஒருவர் கற்றுக்கொடுத்து மேற்பார்வை செய்தல் இன்றியமையாதது என்பதே அவரது கருத்தின் உயிர்நிலை. பிற்காலத்தில் அவரது பெயர் நிலைத்தது. மேற்பார்வையோ பெரும்பாலும் மறக்கப்பட்டது.

வலையின் காலம் 1990களில் தொடங்கியது. சுவீடனைச் சேர்ந்த உல்ஃப் உல்ம்ஸ்ரென், பொலிபுரொப்பிலீன் வலையாலான மெல்லிய பட்டி ஒன்றைச் சிறுநீர்வழியின் நடுப்பகுதிக்குக் கீழே தொட்டில்போல் பொருத்தும் முறையை 1996இல் வெளியிட்டார். குறுகிய நேரத்தில், குறித்த இடத்தை மட்டும் மரக்கச்செய்து இதனைச் செய்ய முடிந்தது. ஐக்கிய இராச்சியத்திலும் அயர்லாந்திலும் 344 பெண்களைக் கொண்டு நடத்தப்பட்டு 2002இல் வெளியான ஆய்வு, இம்முறை பேர்ச்சின் முறைக்கு ஒப்பான பயன் தருவதைக் காட்டியது. ஆகவே வலைப்பட்டி பயனற்றது என்று கூறுதல் தவறாகும்.

ஆயினும், அது சந்தைக்கு வந்த வழி ஆராயத்தக்கது. ஐக்கிய அமெரிக்காவின் சட்டப்படி, ஏற்கெனவே விற்பனையிலுள்ள ஒரு கருவிக்குப் புதிய கருவி ஒப்பானது எனக் காட்டினால், பெண்களிடத்து விரிவான சோதனை நடத்தாமலே அனுமதி பெறுதல் கூடும். 1998இல் உல்ம்ஸ்ரெனின் பட்டி இவ்வழியாலேயே அனுமதி பெற்றது. ஒப்புமைக்குக் காட்டப்பட்ட புரோட்டெஜென் என்னும் முந்திய பட்டியோ, அது விளைத்த கேடுகளின் காரணமாக 1999இல் மீளப்பெறப்பட்டது. சான்றாக நின்ற பொருள் வீழ்ந்தபின்னும் அதனைச் சான்றாகக் கொண்டு பெற்ற அனுமதி நிலைத்து நின்றமை விந்தையே. பின்னர் சிறுநீர்க்கசிவுக்கு மட்டுமன்றிக் கருப்பை முதலிய உறுப்புகள் கீழிறங்கும் நோய்க்கும் பெரிய வலைகள் பொருத்தப்பட்டன. வலை இழையத்தை அரித்து வெளிவந்தமையாலும் தீராத நோவினாலும் பெண்கள் பலர் துன்புற்றனர். அவர்கள் மௌனத்தைக் கலைத்து ஒன்றுகூடியபோதே அரசுகள் செவிசாய்த்தன. ஸ்கொட்லாந்து 2014இல் இவ்வலைகளின் பயன்பாட்டை இடைநிறுத்தக் கோரியது. இங்கிலாந்து 2018இல் தற்காலிகமாக நிறுத்தியது. உறுப்பிறக்கத்துக்காக யோனிவழியே பொருத்தும் வலைகளின் விற்பனையை ஐக்கிய அமெரிக்கா 2019இல் தடைசெய்தது. ஜூலியா கம்பர்லெஜ் சீமாட்டியின் தலைமையில் நடந்த விசாரணையின் அறிக்கை 2020 யூலையில் வெளியாயிற்று. பெண்களின் முறைப்பாடுகள் நெடுங்காலம் தட்டிக்கழிக்கப்பட்டன என்பது அதன் முக்கிய முடிவுகளுள் ஒன்று.

வலைமீது நம்பிக்கை குன்றிய இக்காலப்பகுதியிலேயே லேசர்க் கதிர் முன்வந்தது. கதிர்வீச்சைத் தூண்டிப் பெருக்கலாம் என்னும் கோட்பாட்டுக்கு ஐன்ஸ்டீன் 1917இல் அடிகோலினார். 1960இல் தியோடர் மைமன் மாணிக்கப் படிகத்தைக் கொண்டு முதலாவது லேசரை இயக்கினார். இந்தியாவிற் பிறந்த குமார் பட்டேல் 1964இல் காபனீரொட்சைட்டு லேசரை ஆக்கினார். இழையத்திலுள்ள நீர் இக்கதிரை நன்கு உறிஞ்சுவதால் அது சத்திரசிகிச்சைக்கு உகந்ததாயிற்று; 1970களில் கருப்பைக் கழுத்து நோய்களுக்கும் அது பயன்படலாயிற்று. பிற்காலத்தில் வந்த ஏர்பியம் லேசரின் அலைநீளம் 2940 நனோமீற்றர். அதனை நீர் இன்னும் வலிமையாக உறிஞ்சும்.

சிறுநீர்க்கசிவுச் சிகிச்சையில் இக்கதிர் வெட்டுவதில்லை. யோனியின் முன்சுவரை அளவாகச் சூடாக்கினால் அங்குள்ள கொலாஜன் நார்கள் சுருங்கும். புதிய கொலாஜன் தோன்றும். அதனால் சிறுநீர்வழிக்குத் தாங்கல் கிடைக்கும் என்பதே கருத்து. கத்தியுமின்றி வலையுமின்றிச் சில நிமிடங்களில் முடியும் சிகிச்சை எவரையும் ஈர்க்கும். ஆனால் இக்கருவிகளும் வேறு பயன்களுக்கெனப் பெற்ற அனுமதியுடனேயே இத்துறைக்குள் நுழைந்தன. 2018 யூலை 30ஆம் நாள் ஐக்கிய அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் ஓர் எச்சரிக்கையை வெளியிட்டது. சிறுநீர்க்கசிவு உள்ளிட்ட குறைகளுக்கு இத்தகைய கருவிகளின் பயனும் பாதுகாப்பும் நிறுவப்படவில்லை எனவும், எரிகாயம், தழும்பு, நீடித்த நோவு ஆகியன அறிக்கையிடப்பட்டுள்ளன எனவும் அது கூறியது.

சோதனைகள் பின்னரே பெருகின. இவற்றில் ஒரு சாராருக்குக் கதிரின்றிக் கருவி மட்டும் வைக்கப்பட்டது. யாருக்குக் கதிர் கிடைத்தது என்பதைப் பெண்கள் அறியார். சுலொவீனியாவில் 114 பெண்களிடம் ஏர்பியம் லேசரைச் சோதித்து 2018இல் வெளியான ஆய்வில், 3 மாதங்களின் பின் கதிர் பெற்றவர்களுள் ஏறத்தாழ 21 வீதத்தினரும் பெறாதவர்களுள் 4 வீதத்தினரும் கசிவின்றி இருந்தனர். அவுஸ்திரேலியாவில் காபனீரொட்சைட்டு லேசரைச் சோதித்து 2022இல் வெளியான ஆய்விலோ, 3 மாத முடிவில் இரு சாராருக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. ஐக்கிய இராச்சியத்தின் சுகாதாரச் சிறப்பு நிறுவகம் 2021இல் இச்சிகிச்சையை ஆராய்ச்சிக்குள் மட்டுமே கையாளலாம் எனப் பரிந்துரைத்தது. இது கதிரை மறுத்த தீர்ப்பன்று. விற்பனைக்கு முன் சோதனை நிற்கவேண்டும் என்ற தீர்ப்பேயாகும்.

இதற்கு மாறாக, கெகலின் எளிய பயிற்சிக்குச் சான்று வலுத்தே வந்துள்ளது. பல ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் வெளியான மதிப்பீட்டின்படி, பயிற்சி பெற்ற பெண்களுள் 56 வீதத்தினர் குணமடைந்ததாகக் கூறினர்; பெறாதவருள் அவ்வாறு கூறியோர் 6 வீதத்தினரே. மேற்பார்வையுடன் 3 மாதப் பயிற்சியே முதற் சிகிச்சையாதல் வேண்டும் என்பது ஐக்கிய இராச்சியத்தின் பரிந்துரை. ஆயினும் பயிற்சியை விற்பதற்கு வணிகர் இல்லை. அதற்கு வேண்டுவது கருவியன்று. பெண்ணொருத்தி கூச்சமின்றிப் பேசுவதற்கு ஓரிடமும், பொறுமையுடன் கற்றுக்கொடுக்கும் ஒருவருமே.

அடிமைப்பெண்ணின் உடல், வலை பொருத்தப்பட்ட உடல், கதிர் பாய்ந்த உடல் ஆகிய மூன்றும் ஒன்றல்ல. அவற்றின்மீது நிகழ்ந்த அநீதியின் அளவும் ஒன்றன்று. ஆனால் மூன்று காலங்களையும் ஒரு வினா இணைக்கின்றது. அறியாமையின் விலையை யார் செலுத்துவது என்பதே அவ்வினா. கத்தியின் காலத்தில் மறுக்கமுடியாதவர் செலுத்தினர். வலையின் காலத்தில் முன்னறிவிப்புப் பெறாதவர் செலுத்தினர். கதிரின் காலத்தில் பணம் கொடுத்து நலம் நாடுவோர் செலுத்துகின்றனர். சோதனையில் பங்குபற்றும் பெண்ணுக்கு அது சோதனை என்று தெரியும். சந்தையில் சிகிச்சை பெறும் பெண்ணுக்கு அது தெரிவதில்லை. சிகிச்சையின் முன்னேற்றத்தை அளப்போர் கருவியின் நுட்பத்தை மட்டுமன்றி, இவ்வேறுபாட்டையும் அளவுகோலாகக் கொள்ளுதல் வேண்டும்.