நெருப்பினுள் புகுந்தவர்களின் கவசம்

லண்டன் மாநகரம் தீயோடு நடத்திய நெடும் போராட்டத்தைச் சொல்லப் புகுவோர், எரிந்துபோன தேவாலயங்களையும் பண்டசாலைகளையும், சாம்பலிலிருந்து மீண்டும் எழுந்த வீதிகளையும் விரிவாக வர்ணிப்பது வழக்கம். அந்தத் தீக்குள் தம் உடலைக் கொண்டுசென்ற மனிதர்கள் தலையில் எதை அணிந்திருந்தார்கள், எந்தக் காற்றைச் சுவாசித்தார்கள், எந்த விதிக்குக் கட்டுப்பட்டு உள்ளே சென்றார்கள் என்பவற்றை அவர்கள் அநேகமாகக் கவனிப்பதில்லை. தீயணைப்புத் தொழிலின் உண்மையான சரித்திரமோ இந்தச் சிறு விஷயங்களில்தான் அடங்கியிருக்கிறது. அத்தொழிலின் கவசங்களுக்கும் விதிகளுக்கும் பின்னால் மரணங்கள் நிற்கின்றன. அவற்றை வரிசையாக வைத்து ஆராய்வோமாயின், வீரனைக் கொன்ற அபாயம் அவன் வருவதற்கு வெகுகாலம் முன்பே, பிறருடைய அசிரத்தையால், அவன் வரும் வழியில் அமைக்கப்பட்டிருந்தது என்பது திரும்பத் திரும்பப் புலப்படும்.

1666ஆம் ஆண்டின் பெருந்தீக்குப் பின் லண்டனில் தோன்றிய தீ இன்ஷூரன்ஸ் கம்பெனிகள், தாங்கள் பொறுப்பேற்ற கட்டடங்களைக் காப்பதற்காகத் தத்தம் செலவில் படைகளை வைத்துக்கொண்டன. அந்தப் படைகளில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் தேம்ஸ் நதியில் படகு தள்ளிப் பிழைத்தவர்கள். கம்பெனிக்குக் கம்பெனி வேறுபட்ட பகட்டான வர்ணங்களில் அவர்களுக்கு அங்கிகள் தைத்துக் கொடுக்கப்பட்டன. புஜத்தில் கம்பெனியின் முத்திரை பளபளத்தது. அந்த உடை தீயிலிருந்து ஒருவனைக் காப்பதற்காகத் தைக்கப்பட்டதன்று. அவன் எந்தக் கம்பெனியின் ஆள் என்பதை வீதியில் கூடியவர்களுக்கு அறிவிப்பதற்காகத் தைக்கப்பட்டது. அக்காலத்து வழக்கத்துக்கு அதுவே போதுமானதாகவும் இருந்தது. ஏனெனில், அவர்கள் பெரும்பாலும் வீதியில் நின்றபடியே தண்ணீரைப் பீய்ச்சினார்கள். அந்தத் தண்ணீரில் பெரும்பகுதி சுவரில் மோதிக் கீழே வழிந்தது. தீயின் மூலஸ்தானத்தை எட்டியது சொற்பமே.

இந்த நிலையை மாற்றியவர் ஜேம்ஸ் பிரெய்ட்வுட் என்ற ஸ்காட்லாந்துக்காரர். 1800ஆம் ஆண்டில் எடின்பரோ நகரத்தில் பிறந்து, கட்டட வேலையில் பயிற்சி பெற்ற அவர், 1824இல், தமது இருபத்துநான்காம் வயதில், அந்நகரத்தின் புதிய தீயணைப்பு ஸ்தாபனத்துக்குத் தலைவராக நியமிக்கப்பட்டார். பதவியேற்றுச் சில வாரங்களே கழிந்த நிலையில், அவ்வாண்டு நவம்பரில், எடின்பரோவின் பிரதான வீதியில் மூண்ட தீ நாள்கணக்கில் எரிந்து, டிரான் தேவாலயத்தின் கோபுரம் வரை பற்றிக்கொண்டது. பயிற்சி முற்றாத ஆட்களும், யார் கட்டளையிடுவது என்ற தெளிவின்மையும் விளைவித்த நஷ்டத்தை நேரில் கண்ட பிரெய்ட்வுட், அந்த அனுபவத்தின் மேல் ஒரு சாஸ்திரத்தையே கட்டியெழுப்பினார் என்று சொல்லலாம். கூரை வேய்பவர், தச்சர், கொத்தனார், குழாய் வேலைக்காரர் என்று கட்டடத்தின் எலும்பையும் நரம்பையும் அறிந்தவர்களாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்து, இருளில் வேலை செய்து பழகும்பொருட்டு வைகறையில் அவர்களுக்குப் பயிற்சியளித்து, தாம் கற்றவற்றை 1830இல் ஒரு நூலாகவும் வெளியிட்டார்.

அவருடைய கொள்கையின் சாரம் ஒன்றே: தீயணைப்பவன் கட்டடத்துக்குள் புக வேண்டும், தீயின் மூலத்தை நெருங்கிய பிறகே நீரைச் செலுத்த வேண்டும். ஆனால், உள்ளே புகு என்று கட்டளையிடும் தலைவன், புகுந்தவன் உயிரோடு திரும்புவதற்கான வழியையும் கற்பிக்கக் கடமைப்பட்டவன் என்பதை அவர் நன்கு உணர்ந்திருந்தார். ஆகவே, தனியாக எவனும் உள்ளே செல்லலாகாது, ஒருவன் மயங்கி விழுந்தால் மற்றவன் தாங்கிக்கொள்ளும்படி இருவராகவே செல்ல வேண்டும் என்று விதித்தார். புகை மேலே திரளும்போது தரையை ஒட்டி நல்ல காற்று சிறிது தங்கியிருக்குமாதலால், கைகளையும் முழங்கால்களையும் ஊன்றித் தவழ்ந்து செல்லப் பழக்கினார். மேலிருந்து விழும் ஓடும் செங்கல்லும் மண்டையைப் பிளந்துவிடாதபடி, கெட்டியான தோலால் செய்த தலைக்கவசத்தை அணிவித்தார். 1833இல், பல இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் தங்கள் படைகளை ஒன்றுசேர்த்து லண்டன் தீயணைப்பு ஸ்தாபனத்தை நிறுவியபோது, அதன் தலைமையை ஏற்ற பிரெய்ட்வுட், இந்த விதிகள் அனைத்தையும் தம்முடன் அந்த மாநகரத்துக்குக் கொண்டுவந்தார்.

புகையை எதிர்ப்பதற்கும் அக்காலத்தில் ஓர் உபாயம் கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. பாரிஸ் நகரத் தீயணைப்புப் படையின் தளபதியாயிருந்த போலன் என்பவர், தலையையும் உடலையும் ஒருங்கே மூடும் தோல் அங்கியொன்றை அமைத்தார். கண்களுக்குக் கண்ணாடி பதித்து, இடுப்பிலும் மணிக்கட்டுகளிலும் இறுகக் கட்டிக்கொள்ளும் அந்த அங்கிக்குள், தண்ணீர் இறைக்கும் அதே பம்பைக் கொண்டு ஒரு நீண்ட குழாயின் வழியாகக் காற்றைச் செலுத்தினார்கள். பிரெய்ட்வுட் இதை லண்டனிலும் உபயோகப்படுத்தினார். எனினும், குழாயின் நீளமே வீரன் செல்லக்கூடிய தூரத்தின் எல்லையாக இருந்தது; அந்தக் குழாய் ஒரு மூலையில் மடங்கிக்கொண்டால் அவனுடைய சுவாசமும் அங்கே நின்றுபோகும்.

பிரெய்ட்வுட் தம் ஆட்களை மட்டும் எச்சரித்ததோடு நின்றுவிடவில்லை. தேம்ஸ் நதிக்கரையில் நாளுக்கு நாள் பெருத்துக்கொண்டிருந்த பண்டசாலைகளை அவர் கவலையோடு கவனித்தார். வார்ப்பிரும்புத் தூண்களின் மேல் எழுப்பப்பட்டு, தீப்பற்றாதவை என்று பெயர்பெற்றிருந்த அந்தக் கட்டடங்களில், தூண்கள் நன்றாகக் காய்ந்த பிறகு குளிர்ந்த நீர் பட்டால் முன்னறிவிப்பின்றி முறிந்துவிடும் என்பதைப் பொறியியலாளர் சபையில் எடுத்துரைத்தார். தடுப்புச் சுவர்களின்றி அவ்வளவு விசாலமாகக் கட்டப்பட்ட கிடங்குகளில் ஒருமுறை தீ மூண்டால், அதை அடக்கும் சக்தி தம் படைக்கு இல்லை என்றும் அதிகாரிகளுக்குத் தெரிவித்தார். இந்த எச்சரிக்கைகள் உரிய மதிப்பைப் பெறவில்லை.

1861ஆம் ஆண்டு ஜூன் 22ஆம் தேதி சனிக்கிழமை மாலை, லண்டன் பாலத்தை அடுத்த டூலி வீதியின் பண்டசாலைகளில் தீ மூண்டது. சணல், பருத்தி, சர்க்கரை, கொழுப்பு, வெடியுப்பு, தேயிலை, வாசனைத் திரவியங்கள் என்று உலகத்தின் நானா திசைகளிலிருந்தும் வந்த சரக்குகள் அங்கே அடுக்கடுக்காகக் குவிந்திருந்தன. ஒரு கிடங்கிலிருந்து மற்றொன்றுக்குத் தீ பரவாதபடி தடுப்பதற்கென்றே அமைக்கப்பட்ட இரும்புக் கதவுகள் அன்று திறந்து கிடந்தன. நதியில் நீர்மட்டம் தாழ்ந்திருந்தமையால், மிதக்கும் இயந்திரங்கள் கரையை நெருங்க முடியாமல் திணறின. களைத்துப்போன தம் ஆட்களுக்குத் தெம்பூட்டச் சிறிது பிராந்தியைத் தம் கையாலேயே வழங்கிக்கொண்டு அவர்களிடையே நடந்து சென்ற பிரெய்ட்வுட்டின் மேல், சுமார் ஏழு மணியளவில், ஒரு பெருஞ்சுவர் புடைத்துச் சாய்ந்து வீழ்ந்தது. அவருடன் இருந்த ஒருவரும் மாண்டார். இடிபாடுகளிலிருந்து அவருடைய உடலை மீட்க இரண்டு நாட்கள் சென்றன. தீ முழுவதும் அவிய இரண்டு வாரங்கள் ஆயின. நஷ்டம் ஏறத்தாழ 20 லட்சம் பவுன் என்று மதிப்பிடப்பட்டது. எந்த வகைக் கட்டடங்களைக் குறித்து அவர் பல்லாண்டுகள் எச்சரித்து வந்தாரோ, அந்த வகைக் கட்டடத்தின் சுவரே அவர் மேல் வீழ்ந்தது.

இந்தச் சேதத்துக்குப் பின், தலைநகரத்தைத் தீயிலிருந்து காக்கும் பாரத்தை இனியும் சுமக்க இயலாது என்று இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் அறிவித்தன. 1865இல் பார்லிமெண்ட் இயற்றிய சட்டத்தின்படி, அந்தப் பொறுப்பு பொதுஜனத்தின் பொறுப்பாகியது. புதிய படையின் தலைவரான காப்டன் எயர் மாஸி ஷா, பாரிஸ் வீரர்கள் அணிந்திருந்ததை முன்மாதிரியாகக் கொண்டு பித்தளைத் தலைக்கவசத்தைப் புகுத்தினார். அதன் கம்பீரம் லண்டன் மக்களின் மனத்தைக் கவர்ந்து, தீயணைப்பு வீரனின் சின்னமாகவே ஆகிவிட்டது. ஆனால் வீடுகளுக்குள் மின்சாரம் நுழைந்த காலத்தில், அறுந்து தொங்கும் கம்பிக்குக் கீழே குனிந்து செல்பவனுக்குப் பித்தளைக் கவசமே யமனாகக் கூடும் என்பது தெரியவந்தது. அப்படியிருந்தும், பழைமையின் மேலிருந்த பற்றினால் அதைக் கைவிட நெடுங்காலமாயிற்று. மின்சாரம் பாயாத தக்கையும் ரப்பரும் அதன் இடத்தைப் பிடித்தது 1930களில்தான்.

தலையைக் காக்கும் வழி இவ்வளவு முன்னேறியும், சுவாசத்தைக் காக்கும் வழி வெகுவாகப் பின்தங்கியிருந்தது. புகையைக் குடித்துப் பழகியவனே கைதேர்ந்த வீரன் என்ற கர்வம் எல்லாத் தேசத்துத் தீயணைப்பவர்களிடமும் இருந்தது. அந்தக் கர்வத்தினால் நுரையீரல் கெட்டு மடிந்தவர்களின் பெயர்கள் எந்தத் தியாகிகள் பட்டியலிலும் ஏறவில்லை. 1878இல் ஹென்றி ஃப்ளூஸ் என்ற ஆங்கிலேயர், வெளிக்காற்றை நம்பாத சுவாசக் கருவியொன்றுக்கு உரிமை பெற்றார். இரண்டாண்டு கழித்து, வெள்ளம் புகுந்த ஸெவர்ன் சுரங்கப்பாதையில், திறந்து கிடந்த ஓர் இரும்புக் கதவை மூடுவதற்காக, நீரடியிலேயே இருளில் நெடுந்தூரம் சென்ற மூழ்காளர் ஒருவர் அக்கருவியை அணிந்தே காரியத்தை முடித்தார். அந்த மரபில் வந்து, ஸீப் கோர்மன் கம்பெனியாரால் செய்யப்பட்ட புரோட்டோ என்னும் கருவி, 20ஆம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் தீயணைப்புப் படைகளில் இடம்பெற்றது. அதன் சிறு உருளையிலிருந்து பிராணவாயு மார்பின் மேலுள்ள பைக்கு வரும். வெளிவிடும் மூச்சிலுள்ள கரியமில வாயுவை அந்தப் பையிலுள்ள இரசாயனம் உறிஞ்சிக்கொள்ளும். மூக்கை இடுக்கியால் அடைத்து, வாயினால் குழாயைக் கவ்விக்கொண்டிருப்பவனால் அருகிலுள்ள தோழனிடம் ஒரு வார்த்தையும் பேச இயலாது. அவன் புகையை வென்றான்; அதற்குப் பதிலாக நேரத்துக்கு அடிமையானான்.

நேரத்துக்கு அடிமையாவது என்னவென்பதை 1958ஆம் ஆண்டு ஜனவரி 23ஆம் தேதி ஸ்மித்ஃபீல்ட் இறைச்சிச் சந்தையின் நிலவறைகளில் மூண்ட தீ கற்பித்தது. கொழுப்பு ஊறிய சுவர்களும், குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிய தாழ்வாரங்களும், புகை வெளியேற வழியற்ற அறைகளும் நிறைந்த அந்தப் பாதாளத்தில் புகுந்த வீரர்களில் இருவர், பிராணவாயு தீர்ந்த நிலையில், வெளியேறும் வழி தெரியாமல் மாண்டார்கள். உள்ளே எத்தனை பேர் இருக்கிறார்கள், எவன் எப்போது புகுந்தான், எவனுடைய உருளை எப்போது காலியாகும் என்ற கணக்கு மேலே நின்றவர்களிடம் உருப்படியாக இல்லை.

அந்த மரணங்களுக்குப் பின் அரசாங்கம் அவ்வாண்டிலேயே வெளியிட்ட சுற்றறிக்கை, கவசங்களின் சரித்திரத்திலேயே மிகச் சிறந்த கவசம் என்று நான் துணிந்து கூறுவேன். அதன்படி ஒவ்வொரு சுவாசக் கருவியோடும் ஒரு வில்லை இணைக்கப்பட்டது. உள்ளே செல்பவன் தன் பெயரும் உருளையின் அளவும் புகுந்த நேரமும் குறித்த அந்த வில்லையை வாயிலில் நிற்கும் பொறுப்பாளரிடம் கொடுத்துவிட்டுச் செல்ல வேண்டும். பொறுப்பாளர் அதைப் பலகையில் செருகி, அவன் திரும்ப வேண்டிய நேரத்தைக் கணித்து எழுதிவைத்து, குறித்த நேரத்தில் வராதவனைத் தேட உடனே ஆள் அனுப்ப வேண்டும். உருளை காலியாகும் தருவாயில் ஒலிக்கும் எச்சரிக்கைக் கருவியும், ஆபத்தில் சிக்கியவன் ஒலிக்கச் செய்யும் அபாய அறிவிப்பும் பரிந்துரைக்கப்பட்டன. பித்தளையாலோ தோலாலோ ஆகாத இந்தக் கவசம், வெளியே நிற்கும் ஒரு மனிதனின் இடையறாத ஞாபகத்தால் ஆனது.

உடையின் கதை இதற்கும் பிந்தியது. கம்பளி அங்கியே நெடுங்காலம் போதுமென்று கருதப்பட்டது. 1987 நவம்பர் 18ஆம் தேதி, லண்டன் கிங்ஸ் கிராஸ் பாதாள ரயில் நிலையத்தில், மரத்தாலான நகரும் படிக்கட்டின் கீழே ஆண்டுக்கணக்கில் சேர்ந்திருந்த மசகிலும் குப்பையிலும் பற்றிய சிறு தீ, சரிவான அந்தப் பள்ளத்தின் வழியே படிகளை ஒட்டிச் சீறி மேலெழுந்து, கணப்பொழுதில் டிக்கெட் கூடத்தை விழுங்கியது. இறந்த 31 பேரில், பிரயாணிகளை வெளியேற்ற உதவிக்கொண்டிருந்த ஒரு தீயணைப்பு அதிகாரியும் ஒருவர். அவர் சுவாசக் கருவி அணிந்திருக்கவில்லை. அந்தப் பழைய கம்பளி அங்கிக்குப் பதிலாக, 1960களில் அமெரிக்காவில் உருவான நோமெக்ஸ் போன்ற இழைகளால் நெய்த பல அடுக்கு உடைகளே இன்று வழக்கில் உள்ளன. ஆனால் அவையும் வீரனைச் சோதிக்கின்றன: வெளியிலுள்ள உஷ்ணத்தை உணரவிடாமல் அவனை மேலும் உள்ளே செல்லத் துணியச் செய்கின்றன, அவன் உடலிலேயே பிறக்கும் உஷ்ணத்தையும் வெளியேற விடுவதில்லை. புகைக்கரி படிந்த உடையைக் கழுவாமல் அணிவதை வீரத்தின் அடையாளமாக எண்ணியவர்களுக்கு, தீயணைப்புத் தொழிலே புற்றுநோய்க்குக் காரணமாகிறது என்று 2022இல் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் அளித்த முடிவு கடுமையான பதிலாக அமைந்தது.

எத்தகைய உடையும் பயன்படாத சந்தர்ப்பமும் உண்டு என்பதற்கு நம் தேசமே சாட்சி. 1944 ஏப்ரல் 14ஆம் தேதி பம்பாய் விக்டோரியா துறையில், வெடிமருந்தையும் பருத்திப் பொதிகளையும் ஒரே கப்பலில் ஏற்றிவந்த ஃபோர்ட் ஸ்டிகின் வெடித்தபோது, அதை அணைக்கப் போராடிய 66 தீயணைப்பு வீரர்கள் மாண்டார்கள். அந்த நாளையே இன்றளவும் தமிழ்நாடு உட்பட பாரதமெங்கும் உள்ள தீயணைப்பு நிலையங்கள் தியாகிகள் தினமாக அனுஷ்டிக்கின்றன.

டூலி வீதியில் திறந்து கிடந்த கதவு, ஸ்மித்ஃபீல்டின் வழியறியா நிலவறை, கிங்ஸ் கிராஸில் துடைக்கப்படாத மசகு, பம்பாயில் பருத்தியோடு சேர்த்து ஏற்றப்பட்ட வெடிமருந்து: இவற்றில் ஒன்றேனும் தீயணைப்பவனின் கையிலிருந்ததன்று. கட்டியவன், சரக்கு வைத்தவன், மேற்பார்வை செய்தவன் ஆகியோரின் கையிலேயே இருந்தது. தலைக்கவசமும் சுவாசக் கருவியும் கடைசி அரண். முதல் அரணை எழுப்ப வேண்டியவர்கள் நாம். மாடிப்படியில் சாமான்களை அடுக்காமலிருப்பதும், அவசர வழிக்குப் பூட்டுப் போடாமலிருப்பதும், கிடங்கில் உள்ள சரக்கு இன்னதென்று தீயணைப்பு நிலையத்துக்கு மறைக்காமல் தெரிவிப்பதும் அற்பக் காரியங்கள் போலத் தோன்றலாம். ஆனால், நமக்காக உள்ளே புகப்போகும் ஒரு மனிதன் திரும்பி வருவானா என்பதை, மணி அடிப்பதற்கு எத்தனையோ நாள் முன்பாகவே, அந்த அற்பக் காரியங்களைக் கொண்டு நாம் தீர்மானித்துவிடுகிறோம்.