நேராக மேலே

வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் நிரல்களைச் சரிபார்த்த அக்கா ஒருவர், எதைக் காட்டினாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்: "இதை எடுத்துட்டா என்ன ஆகும்?" ராத்திரியெல்லாம் உட்கார்ந்து எழுதியதை எடுத்துவிடச் சொல்கிறாரே என்று எரிச்சலாக இருக்கும். அந்தக் கேள்வியின் அருமை எனக்குப் புரிந்தது லூனா கலங்களின் கதையைப் படித்தபோதுதான்.

1969 ஜூலை 21. ஆர்ம்ஸ்ட்ராங்கும் ஆல்ட்ரினும் நிலவில் நடந்து முடித்துவிட்டார்கள். அவர்கள் கிளம்புவதற்குச் சுமார் இரண்டு மணி நேரம் முன்பு, அதே நிலவின் இன்னொரு சமவெளியில் ஆளில்லாத சோவியத் கலம் ஒன்று மோதி நொறுங்கியது. அது லூனா 15. அப்போலோ 11-க்கு மூன்று நாள் முந்தி, ஜூலை 13 அன்று ஏவப்பட்டது. எல்லாம் சரியாக நடந்திருந்தால் கொஞ்சம் நிலவு மண்ணோடு திரும்பியிருக்கும்.

போய் இறங்குவது ஒரு பாடு என்றால் திரும்பி வருவது பெரும்பாடு. விண்கலம் எதுவும் குறி தவறாமல் போவதில்லை. நடுவழியில் அளந்து பார்த்து, எஞ்சினைக் கொஞ்சம் இயக்கிப் பாதையைத் திருத்துவார்கள். திரும்பும் கலத்துக்கும் அதெல்லாம் வேண்டுமென்றால் வழிகாட்டும் கருவிகள், திருத்த எஞ்சின், அதற்கான எரிபொருள் என்று எடை ஏறும். அந்த எடையை முதலில் நிலவில் பத்திரமாக இறக்க இன்னும் எரிபொருள். கணக்குப் போட்டால், புரோட்டான் ராக்கெட் சுமக்கக்கூடிய எடைக்குள் அடங்கவில்லை.

திருத்தத்தையே எடுத்துவிட்டால் என்ன ஆகும்?

ஓடும் பஸ்ஸின் பின்பக்கமிருந்து ஒரு பந்தைப் பின்னோக்கி எறியுங்கள். பஸ்ஸின் வேகமும் எறிந்த வேகமும் ஒன்றையொன்று கழித்துக்கொள்ள, பந்து கிட்டத்தட்ட நேராகக் கீழே விழும். நிலவு நொடிக்கு ஒரு கிலோமீட்டர் வேகத்தில் பூமியைச் சுற்றுகிறது. அந்த ஓட்டத்தில் அதன் கிழக்குப் பக்கம்தான் பின்பக்கம். அங்கே சுமார் 60 பாகைத் தீர்க்கரேகையை ஒட்டிய இடத்திலிருந்து, நொடிக்கு ஏறத்தாழ 2.7 கிலோமீட்டர் வேகத்தில் செங்குத்தாகக் கிளம்பினால் போதும். நிலவின் பிடியும் விடும், நிலவோடு சேர்ந்து ஓடிய வேகமும் பெரும்பாலும் கழிந்துவிடும். மிச்சத்தைப் பூமியின் ஈர்ப்பு பார்த்துக்கொள்ளும். நேரமும் வேகமும் திசையும் தொடக்கத்திலேயே சரியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். நேராக மேலே ஏறு, பிறகு விழு!

கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் லூனா 15-ஐயும் சேர்த்து ஐந்து முயற்சிகள் தோற்றன. ஆறாவதுதான் லூனா 16. 1970 செப்டம்பர் 20 அன்று வளமைக் கடலில் இறங்கி, 35 சென்டிமீட்டர் துளையிட்டு, ஒரு நாளுக்குச் சற்றுக் கூடுதலாகத் தங்கி, நேராக மேலே கிளம்பியது. 24-ஆம் தேதி கஸகஸ்தானில் பாராசூட்டில் வந்திறங்கிய உருண்டைக்குள் 101 கிராம் மண் இருந்தது. கலத்தை வடிவமைத்த குழுவின் தலைவர் கியோர்கி பபாகின் அடுத்த ஆண்டு ஆகஸ்டில் இறந்துபோனார்.

லூனா 20, லூனா 24 இரண்டும் இதே வழியில் மண் கொண்டுவந்தன. மூன்றும் சேர்ந்து சுமார் 326 கிராம். ஆறு அப்போலோ பயணங்கள் கொண்டுவந்ததோ 382 கிலோ. ஆனால் என்னை யோசிக்க வைத்தது எடை இல்லை, இடம். வளமைக் கடல், அதன் வடக்கே உள்ள மேட்டுநிலம், நெருக்கடிக் கடல் என்று மூன்று இடங்களும் கிழக்கு ஓரத்தில் பக்கம் பக்கமாகவே இருக்கின்றன. வேறெங்கும் போயிருக்க முடியாது. அந்த எளிமைக்குக் கொடுத்த விலை நிலவின் மற்ற பகுதிகள்.

1976-க்குப் பிறகு 44 ஆண்டுகள் யாரும் நிலவிலிருந்து மண் கொண்டுவரவில்லை. 2020 டிசம்பரில் சாங்'இ 5 இறங்கிய இடம் நேர் எதிர்ப்பக்கம், மேற்கே புயல்களின் பெருங்கடல். அங்கிருந்து நேராக மேலே ஏறினால் நிலவின் வேகம் கழியாது, கூடும். அதனால் சீனர்கள் கஷ்டமான வழியைத் தேர்ந்தெடுத்தார்கள். மேலேறிய கலம் நிலவைச் சுற்றிக்கொண்டிருந்த இன்னொரு கலத்துடன் தானாகவே இணைந்தது, மண் கைமாறியது. கிடைத்தது 1,731 கிராம். அதில் இருந்த எரிமலைப் பாறைத் துணுக்குகளின் வயது சுமார் 200 கோடி ஆண்டுகள். அப்போலோவும் லூனாவும் கொண்டுவந்த எரிமலைப் பாறைகளைவிடக் குறைந்தது நூறு கோடி ஆண்டுகள் இளையவை. நிலவு சீக்கிரமே ஆறிப்போய்விட்டது என்ற நம்பிக்கையை அந்தத் துணுக்குகள் கேள்விக்குள்ளாக்கின.

சந்திரயான்-4 திட்டமும் இந்தக் கஷ்டமான வழியில்தான் போகிறது. 2024 செப்டம்பரில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் தந்த திட்டம் அது. ஐந்து பகுதிகள், இரண்டு ஏவுதல்கள், விண்வெளியில் இணைப்புகள். 2025 ஜனவரியில் இரண்டு சிறு செயற்கைக்கோள்களை இணைத்து இஸ்ரோ ஒத்திகை பார்த்தது. அதற்கும் முன்னால், 2023 செப்டம்பரில் விக்ரம் தரையிறங்கி தன் எஞ்சினை மறுபடி இயக்கிச் சுமார் 40 சென்டிமீட்டர் எம்பிக் குதித்தது. அப்போது அதை வேடிக்கையாகத்தான் பார்த்தேன். இப்போது யோசித்தால், திரும்பி வருவதற்கான முதல் அடி அது.

நானும் ஒருமுறை ஒரு பெரிய பகுதியை வெட்டி எறிந்துவிட்டுப் பெருமைப்பட்டிருக்கிறேன். ஆறு மாதம் கழித்துப் புதிய தேவை ஒன்று வந்தபோதுதான், எந்தக் கதவை மூடியிருக்கிறேன் என்று தெரிந்தது. பபாகினின் ஆட்கள் மூடியது தெரிந்தேதான் மூடினார்கள். அன்று அவர்களுக்கு வேறு வழி இல்லை. என் விஷயத்தில் அப்படியில்லை, நான் யோசிக்கவே இல்லை.

இப்போது மற்றவர்களின் நிரல்களை நான் சரிபார்க்கிறேன். அக்காவின் கேள்வியை விடவில்லை. கூடவே இன்னொன்றையும் கேட்கிறேன்: "இதை எடுத்துட்டா, எங்கெல்லாம் போக முடியாமப் போகும்?"