பெயர்த்தெழுதுவோர் இருக்கும்வரை

1978ஆம் ஆண்டு ஜனவரியில் சிக்காகோ நகரைக் கடும்பனி மூடியது. அதே ஆண்டு நவம்பர் 23ஆம் திகதி மட்டக்களப்பைச் சூறாவளி தாக்கியது. இவ்விரண்டுக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. ஆயினும் மனிதர் எழுதிவைத்தவை எவ்வாறு பிழைக்கின்றன, எவ்வாறு அழிகின்றன என்று எண்ணும்போது இவ்விரண்டையும் சேர்த்தே நினைக்கிறேன்.

சிக்காகோவில் பனியால் வீட்டில் அடைபட்டிருந்த வார்ட் கிறிஸ்டென்சன் தம் நண்பர் ராண்டி சூஸுடன் தொலைபேசியில் பேசி ஒரு திட்டம் வகுத்தார். அவர்களது கணினி ஆர்வலர் கழகத்தில் ஒரு தக்கைப் பலகை உண்டு. உறுப்பினர்கள் செய்திகளைத் துண்டுக் கடதாசியில் எழுதி அதில் குத்திவைப்பர். அப்பலகையைக் கணினிக்குள் அமைத்து, தொலைபேசிக் கம்பி வழியே எவரும் வந்து வாசிக்கவும் எழுதவும் செய்தால் என்ன? கிறிஸ்டென்சன் நிரல் எழுதினார். சூஸ் கருவிகளைப் பொருத்தினார். 1978 பெப்ரவரி 16இல் அது இயங்கத் தொடங்கியது. தொலைபேசியில் அழைத்துப் பயன்படுத்தும் கணினி அறிவிப்புப் பலகைகளுள் முதலாவது அதுவே.

ஒரே தொலைபேசி இணைப்பு. ஆகவே ஒரு நேரத்தில் ஒருவருக்கே இடம். அவர் வாசித்து, எழுதி, விடைபெற்ற பின்னரே அடுத்தவர் நுழையலாம். வினாடிக்கு 300 பிட் வேகம், அதாவது ஏறத்தாழ 30 எழுத்து. நீங்கள் வாசிக்கும் இக்கட்டுரை, இன்றைய யுனிகோட் வடிவில், அக்கம்பியில் வந்துசேரப் பல நிமிடங்கள் பிடித்திருக்கும். அவ்வளவு பொறுமை வேண்டிய அந்தப் பலகைக்கு அதன் வாழ்நாளில் இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்ட அழைப்புகள் வந்தன.

1982இல் கொமடோர் 64 என்னும் வீட்டுக் கணினி விற்பனைக்கு வந்தது. ஒரு கோடிக்கும் மேல் விற்ற அக்கணினியிலேயே பலர் தங்கள் படுக்கையறையில் பலகை நடத்தினர். 1984இல் டொம் ஜெனிங்ஸ் தொடக்கிய ஃபிடோநெட், தனித்தனிப் பலகைகளை ஒன்றோடொன்று இணைத்தது. தொலைபேசிக் கட்டணம் குறைந்த நள்ளிரவில் ஒரு கணினி மற்றொன்றை அழைத்துத் தபாலைக் கைமாற்றும். அந்தக் காலத்து அஞ்சலோட்டக்காரரின் வேலையை அது செய்தது.

இலங்கைக்கும் இக்கதையில் ஒரு பங்குண்டு. கொழும்பில் வாழ்ந்த ஆர்தர் சி. கிளார்க், தமது ‘2010’ நாவல் திரைப்படமாக்கப்பட்டபோது, 1983இல் கேப்ரோ என்னும் கணினியையும் ஒரு மோடத்தையும் கொண்டு அமெரிக்காவிலிருந்த நெறியாளர் பீட்டர் ஹயம்ஸுடன் எழுத்தால் உரையாடினார். இங்கு பகல், அங்கு இரவு. ஒருவர் எழுதிவைத்ததை மற்றவர் விழித்தெழுந்து வாசித்தார். அந்நாட்களில் மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்கு ஒரு செய்தி சொல்லவே நாங்கள் ‘ட்ரங்க் கோல்’ பதிந்துவிட்டுக் காத்துக்கிடந்தோம். கிளார்க்கும் ஹயம்ஸும் எழுதிக்கொண்டவை பின்னர் ‘தி ஒடிசி ஃபைல்’ என்ற நூலாக அச்சேறின. அவ்வுரையாடலை இன்றும் எவரும் எடுத்து வாசிக்கலாம் என்றால், அதற்கு அந்த அச்சுப்படியே காரணம்.

1990களின் நடுப்பகுதியில் இணையம் வீடுகளுக்குள் வந்ததும் பலகைகள் ஒவ்வொன்றாய் ஓய்ந்தன. எனினும் முற்றாக மறையவில்லை. கொமடோர் 64 கணினியைச் செப்பனிட்டு அதில் பலகை நடத்துவோர் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இன்றும் உள்ளனர். அது இலகுவான பணியன்று. பழைய மின்வழங்கி பழுதானால் மிகை மின்னழுத்தம் பாய்ந்து நினைவகச் சில்லுகளைக் கருக்கிவிடும். நெகிழ்வட்டுகள் காந்தத்தன்மை இழந்து பூஞ்சணம் பிடிக்கும். ஆகவே முதல் வேலையாக வட்டிலுள்ளதைப் புதிய ஊடகத்துக்குப் பிரதி செய்கிறார்கள். தொலைபேசி இணைப்புக்குப் பதிலாக, பழைய மோடம் போல் நடிக்கும் சிறு வைஃபை பலகையொன்றைப் பொருத்துகிறார்கள். கணினியோ வழமைபோலத் தொலைபேசி எண்ணைச் சுழற்றுவதாகவே எண்ணிக்கொள்கிறது. மறுமுனையில் இணையம் நிற்கிறது. ஜேசன் ஸ்கொட் என்பவர் பலகைகளில் உலவிய எழுத்துகளை 1998 முதல் திரட்டி வைத்ததோடு, அவற்றை நடத்தியோரைப் பேட்டி கண்டு 2005இல் ஓர் ஆவணப்படமும் வெளியிட்டார். சூஸ் 2019இலும் கிறிஸ்டென்சன் 2024இலும் மறைந்துவிட்டனர். அவர்கள் வாயால் சொன்ன வரலாறு, அவர்கள் இருக்கும்போதே கேட்டவர்களால்தான் எஞ்சியது.

இதை வாசிக்கும் மட்டக்களப்பாருக்கு இது புதிய செய்தியாகத் தோன்றாது. ஓலையைக் கறையான் தின்னும் என்பது நம் முன்னோர் அறிந்ததே. ஆகவே ஏடு பழுதாகுமுன் பார்த்தெழுதினார்கள். கூத்தின் அண்ணாவியார் தம் ஏட்டைக் கொப்பியில் பெயர்த்தார்; அதைக் களரியில் ஆடவும் வைத்தார். வாவியின் இரு கரையிலும் உள்ள கண்ணகி கோயில்களில் வைகாசிச் சடங்கின்போது ‘கண்ணகி வழக்குரை’ பாடப்படுகிறது. ஓலையில் இருந்த அந்நூலை வி. சீ. கந்தையா 1968இல் பதிப்பித்தார். பத்தாண்டு கழித்துச் சூறாவளி வந்தது. கூரையிழந்த வீடுகளில் ஏடுகளும் கொப்பிகளும் நனைந்து அழிந்தன. 2004 டிசம்பர் 26இல் கடல் வந்தபோது நாவலடியிலும் கல்லடியிலும் எஞ்சியிருந்த கடதாசிகளும் போயின. வழக்குரை போகவில்லை. அச்சில் பல பிரதிகளும், மனப்பாடமாய்ப் பாடும் பல வாய்களும் அதற்கு இருந்தன.

கணினித் தமிழில் நாம் இந்த அறிவை மறந்துவிட்டோமோ என்ற கவலை எனக்குண்டு. 1984இல் கனடாவில் சீனிவாசன் ‘ஆதமி’யை உருவாக்கினார். 1985இல் மலேசியாவில் முத்து நெடுமாறன் ‘முரசு’ தந்தார். 1993இல் சுவிற்சர்லாந்திலிருந்து கல்யாணசுந்தரத்தின் ‘மயிலை’ எழுத்துரு வந்தது. இவற்றின் துணையோடு யூஸ்நெட் குழுக்களிலும், பாலா பிள்ளையின் தமிழ்.நெட் மடலாடற்குழுவிலும், தனிமடல்களிலும் உலகெங்கும் சிதறிய தமிழர் பேசிக்கொண்டனர். நமது அறிவிப்புப் பலகைகள் அவையே. ஆனால் எழுத்துருவுக்கு எழுத்துரு குறியீடு வேறு. அன்று ‘மயிலை’யில் எழுதிய மடலை இன்று திறந்தால் பொருளற்ற இலத்தீன் எழுத்துகளே தெரியும். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் தன் நூல்களைப் பழைய குறியீடுகளிலிருந்து யுனிகோட்டுக்குப் பெயர்த்தது. 2005இல் பிறந்த நூலகம் திட்டம் ஈழத்து அச்சேடுகளை வருடி வைக்கிறது. நூல்களுக்குக் கிடைத்த இப்பராமரிப்பு, பேச்சுக்குக் கிடைத்தது குறைவு.

ஊரைவிட்டுப் போனவர்கள் 1990களில் ஒருவரையொருவர் தேடி எழுதியவை, ஊரில் நடந்ததைக் கேட்டறிந்தவை, கோபித்தவை, சமாதானமானவை எல்லாம் ரொறன்ரோவிலும் லண்டனிலும் மேசை இழுப்பறைகளில் நெகிழ்வட்டுகளாய்க் கிடக்கக்கூடும். போர்க்காலத்துச் சாதாரண மனிதரின் குரல் அவற்றில் இருக்கிறது. அன்றைய செய்தித்தாள்களில் அதற்கு இடம் இருக்கவில்லை. இதை நான் பத்திரிகைக்காரனாகவே சொல்கிறேன்.

அன்பர்களே, அத்தகைய வட்டு உங்களிடம் இருந்தால் எறிந்துவிடாதீர்கள். முதலில் உள்ளதை உள்ளபடியே பிரதி செய்யுங்கள். எந்த எழுத்துருவில் எழுதப்பட்டதோ அந்த எழுத்துருக் கோப்பையும் கூடவே வையுங்கள்; அது இருந்தால் யுனிகோட்டுக்கு மாற்ற வழியுண்டு. பிறர் எழுதிய மடலாயின் அவரது இசைவைக் கேளுங்கள். பின்னர் இரண்டு மூன்று பேரிடம் பகிர்ந்து வையுங்கள். ஒரே பிரதிக்கு ஒரு சூறாவளி போதும்.