குறியும் காடும்: கோத்தா திங்கிப் பயிற்சிப் பள்ளியை முன்வைத்து ஒரு நோக்கு

மலாயா அவசரகாலம் (1948–1960) குறித்த ஆய்வுகள் அரசியலையும் குடியேற்றத் திட்டங்களையும் விரிவாகப் பேசுகின்றன. ஆயுதம் ஏந்தியவன் எதனூடே பார்த்தான், எவ்வளவு தொலைவு பார்த்தான் என்னும் வினா அரிதாகவே எழுப்பப்படுகிறது. தோட்டப்புறத் தமிழர் வரலாற்றை ஆராயும் நாம் அதனைப் புறக்கணித்தல் இயலாது.

1942 முதல் பிரிட்டிஷ் படை, குறிசுடுநருக்கென ‘எண் 4 (டி)’ துப்பாக்கியைப் பயன்படுத்தியது. அதன்மேல் பொருத்தப்பட்ட ‘எண் 32’ தொலைநோக்கி முதலில் பிரென் இயந்திரத் துப்பாக்கிக்கென வடிவமைக்கப்பட்டது. உருவை ஏறத்தாழ மூன்று மடங்காக்கிக் காட்டும் அதில் இரண்டு திருகுகள் உண்டு. மேலுள்ளது தொலைவுக்கும், பக்கத்திலுள்ளது இடவல விலகலுக்கும் உரியவை. சில குண்டுகளைச் சுட்டு, அவை குறியினின்று விலகிய அளவை அளந்து, அதற்கேற்பத் திருகுவதே சரிசெய்யும் முறை. பாகையின் அறுபதில் ஒரு பங்கு திருகினால் 100 கெஜத்தில் குண்டு ஏறத்தாழ ஓர் அங்குலம் நகரும். ஒரு துப்பாக்கிக்குச் சரிசெய்த தொலைநோக்கி மற்றொன்றுக்கு உதவாது. ஆதலின் இரண்டின் எண்களும் ஒன்றோடொன்று இணைத்துப் பொறிக்கப்பட்டன.

இத்துணை நுட்பமும் ஜொகூர்க் காட்டில் பயனற்றுப்போயிற்று எனலாம். 1948இல் வால்டர் வாக்கர் ஜொகூரில் தொடங்கிய பயிற்சி நிலையம் பின்னர் கோத்தா திங்கியின் பெயரோடு காட்டுப்போர்ப் பள்ளியாக அறியப்பட்டது. அங்குள்ள புதர்க்காட்டில் பல இடங்களில் 20 கெஜத்துக்கு அப்பால் கண் செல்லாது. அத்தொலைவில் அதே திருகல் குண்டை அரைச் சென்டிமீட்டரே நகர்த்தும். வில்லைகளில் பூஞ்சை படரும். ஈரத்தில் மரக்கட்டை ஊதிக் குழலை அழுத்தினால், காலையில் சரிசெய்த குறி மாலையில் பிழைக்கும். எனவே அங்கு, திடீரெனத் தோன்றும் உருவை நோக்கி நொடியில் சுடும் பயிற்சியே முதன்மை பெற்றது. குறியைச் சரிசெய்யும் வேலை கருவியிலிருந்து மனிதனின் தோளுக்கும் கண்ணுக்கும் இடம் மாறியது. காட்டுக்கென்றே எடை குறைத்து உருவாக்கப்பட்ட ‘எண் 5’ துப்பாக்கியோ, சரிசெய்த குறி நிலைத்து நிற்பதில்லை என்னும் குறைக்கு ஆளாகி 1947இல் உற்பத்தி நின்றது. இக்குறையின் காரணம் பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. எவ்வாறாயினும், அதே துப்பாக்கியைத் தாங்கியே வீரர்கள் அவசரகாலக் காடுகளில் நடந்தனர்.

காட்டின் விளிம்பிலோ நிலை வேறு. பால்மரங்கள் நிரை நிரையாக நிற்கும் தோட்டத்தில் பார்வை தடையின்றி ஓடும். தொலைநோக்கிக்கு இயல்பான களம் அதுவே. ஆனால் விடியலின் மங்கலில் அந்நிரையினூடே நடமாடுவோர் பெரும்பாலும் பால்வெட்டும் தொழிலாளரே. நம்மவரும் அவருள் பலர். வில்லை உருவைப் பெரிதாக்கும். அவ்வுருவம் யாருடையது என்று உரைக்காது.

அண்மையில் நின்று பார்ப்பது மட்டும் போதுமோ எனின், அதற்கும் விடை ஜொகூருக்கு வெளியே, சிலாங்கூரில் கிடைக்கிறது. 1948 டிசம்பரில் பத்தாங் காலித் தோட்டத்தில் ஆயுதமற்ற 24 பேர் ஸ்காட்ஸ் கார்ட்ஸ் படையினரால் கொல்லப்பட்டனர். அவருள் பெரும்பாலோர் அதற்கு முந்தைய இரவு முழுதும் அதே படையினரின் காவலில் இருந்தவர்கள். பொது விசாரணை கோரி உறவினர் தொடுத்த மேல்முறையீட்டை 2015இல் பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.