நடுவரா, சாட்சியா? பார்வையாளர் விமர்சனத்தின் நேர்மை குறித்து

'கங்குவா' திரைப்படம் 2024 நவம்பர் 14 அன்று வெளியாகிக் கடும் விமர்சனங்களைச் சந்தித்ததும், திரையரங்க வளாகத்துக்குள் யூடியூப் சேனல்களை அனுமதிக்க வேண்டாம் என்று தமிழ்த் திரைப்படத் தயாரிப்பாளர்கள் சங்கம் அரங்க உரிமையாளர்களைக் கேட்டுக்கொண்டது. படம் வெளியான முதல் 3 நாட்களுக்கு விமர்சனமே கூடாது என்று இன்னொரு தயாரிப்பாளர் அமைப்பு சென்னை உயர் நீதிமன்றத்தை நாடியது. கருத்துரிமையைச் சுட்டிக்காட்டிய நீதிமன்றம், டிசம்பரில் இடைக்காலத் தடை விதிக்க மறுத்தது.

இந்த வழக்காடலில் இரு தரப்பும் பார்வையாளரின் சொல்லைத் தீர்ப்பாகவே எடுத்துக்கொண்டன. அதைச் சாட்சியமாகக் கொள்வதே பொருந்தும் என்பது இக்கட்டுரையின் வாதம். நடுவருக்குத் தகுதி வேண்டும். சாட்சிக்கு எங்கே இருந்தார், எதைக் கண்டார், யாருக்கு வேண்டியவர் என்பவை தெரிந்தால் போதும்.

'கங்குவா' பற்றிய கூச்சலில் மிகப் பொருத்தமாக அமைந்தது ஒலி பற்றிய புகார்தான். காது கூசுமளவு இரைச்சல் என்று பலரும் சொன்னார்கள். அதைச் சொல்லத் திரைப்படக் கல்வி வேண்டியதில்லை, அரங்கில் உட்கார்ந்திருந்தாலே போதும். அடுத்து டிக்கெட் எடுப்பவர் தாமே சரிபார்த்துக்கொள்ளலாம். ஒலியைக் குறைக்கும்படி அரங்குகளிடம் தயாரிப்பாளர் கேட்டுக்கொண்டதிலிருந்து, புகார் சேர வேண்டிய இடத்தைச் சேர்ந்தது தெரிகிறது. நாயகன் சூர்யாவின் மனைவி ஜோதிகா, விமர்சனங்களின் கடுமையைக் கண்டித்த அதே பதிவில், முதல் அரைமணி நேரம் சரியாக அமையவில்லை, ஒலி இரைச்சலாக இருக்கிறது என்றும் ஒப்புக்கொண்டார். வேண்டியவர் தம் தரப்புக்கு எதிராகச் சொல்வதற்குச் சாட்சிய மதிப்பு கூடுதல்.

'போரடித்தது என்பது என் அனுபவம், அதற்கு எதற்குக் காரணம்?' என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் எந்த இடத்தில் போரடித்தது என்று சொல்லாதவரை அது படத்தைப் பற்றிய செய்தியாகாது. சொன்னவரைப் பற்றிய செய்தியாகவே நிற்கும். 'மொக்கை', 'வேற லெவல்' இரண்டும் இந்த வகையில் ஒரே தட்டில்தான் நிற்கின்றன. (பின்னதைத் தயாரிப்பாளர்கள் எதிர்த்ததாகத் தெரியவில்லை!) மதிப்பெண்ணுக்கும் இது பொருந்தும். ஆனந்த விகடன் '16 வயதினிலே'வுக்கு அளித்த 62.5 இன்றும் பேசப்படுவதற்குக் காரணம், அதே இதழ் மற்ற படங்களுக்கு அளித்த மதிப்பெண்களோடு அதை ஒப்பிட முடிவதுதான். முன்பின் அறியாத ஒருவர் ஐந்துக்கு இரண்டு என்றால், அவருடைய மூன்று எத்தகையது என்று யாருக்குத் தெரியும்?

சாட்சியம் கெடுவது பெரும்பாலும் சாட்சியால் அன்று, அதை வெட்டி ஒட்டுபவரால். மைக்கின் முன் ஒருவர் இடைவேளைவரை நன்றாக இருந்தது, பிறகு தொய்வு என்று நிதானமாகப் பேசியிருப்பார். சேனலுக்கு வேண்டியது அவர் முகம் சுளித்த சில நொடிகள். மறுபக்கம், கட்டணம் பெற்ற பாராட்டு ரசிகர் குரலில் ஒலிக்கிறது. பணம் பெற்றுப் பரிந்துரைப்போர் அதை வெளிப்படையாகக் குறிப்பிட வேண்டும் என்று இந்திய விளம்பரத் தர மன்றம் 2021இலேயே நெறிமுறை வகுத்துவிட்டது. பார்வையாளரை 3 நாட்கள் வாய்மூடச் சொல்லும் கோரிக்கை இவ்விரண்டில் எதையும் சரிசெய்யாது. நான்காம் நாளும் அதே வெட்டும் அதே விலைபோன பாராட்டும் தொடரும்.