நானோதாள் வினையூக்கி

நானோதாள் வினையூக்கி என்பது ஒரு சில அணுக்களின் தடிப்பு மட்டுமே கொண்ட, தாள் போன்ற அமைப்புடைய வினையூக்கி ஆகும். நீரை மின்னாற்பகுத்து ஐதரசனைப் பெறுவதற்காக இவ்வகை வினையூக்கிகள் ஆராயப்பட்டு வருகின்றன. சூரிய ஒளி, காற்று முதலிய புதுப்பிக்கத்தக்க ஆற்றல் மூலங்களின் மின்சாரத்தைக் கொண்டு இவ்வாறு பெறப்படும் ஐதரசன், பசுமை ஐதரசன் எனப்படுகிறது. பிளாட்டினம், இரிடியம் ஆகிய அரிய உலோகங்களுக்கு மாற்றாக நிக்கல், இரும்பு, மாலிப்டினம் போன்றவற்றைப் பயன்படுத்துவதே இவ்வாய்வின் முதன்மை நோக்கமாகும்.

வினையூக்கியின் தேவை

நீரை மின்சாரத்தால் பகுக்க இயலும் என்பதை 1800 ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வில்லியம் நிக்கல்சன், அந்தோணி கார்லைல் ஆகியோர் காட்டினர். கோட்பாட்டின்படி இதற்கு 1.23 வோல்ட்டு போதுமானது. நடைமுறையில் இதைவிடக் கூடுதலான மின்னழுத்தம் தேவைப்படுகிறது. மின்வாய் வினைகளை விரைவுபடுத்தத் தேவைப்படும் இக்கூடுதல் அளவு மிகைமின்னழுத்தம் எனப்படும். எதிர்மின்வாயில் ஐதரசனும் நேர்மின்வாயில் ஆக்சிசனும் வெளியாகின்றன. ஆக்சிசன் மூலக்கூறு ஒன்று உருவாக நான்கு எதிர்மின்னிகள் இடம் மாற வேண்டியிருப்பதால், நேர்மின்வாய் வினையே மிகவும் மெதுவானது.

மின்கலத்தின் மின்னழுத்தத்தை 0.1 வோல்ட்டு குறைத்தால், ஒரு கிலோகிராம் ஐதரசனுக்கு ஏறத்தாழ 2.7 அலகு மின்சாரம் மிச்சமாகும். பசுமை ஐதரசனின் விலையில் மின்சாரச் செலவே பெரும்பங்கு வகிப்பதால் இச்சிறு வேறுபாடும் முக்கியமானது. புரோட்டான் பரிமாற்றப் படல மின்பகுப்பானில் அமிலச் சூழல் நிலவுகிறது. அதைத் தாங்கக்கூடிய இரிடியமே அதன் நேர்மின்வாயில் பயன்படுகிறது. ஆனால் உலகின் ஆண்டு இரிடிய உற்பத்தி 10 டன்னுக்கும் குறைவு.

தாள் வடிவத்தின் பயன்

வினையூக்கியின் மேற்பரப்பில் உள்ள அணுக்களே வினையில் பங்கேற்கின்றன. தடித்த துகள் ஒன்றில் பெரும்பாலான அணுக்கள் உள்ளே மறைந்திருக்கும். மெல்லிய தாளில் ஏறத்தாழ அனைத்தும் வெளிப்பட்டிருக்கும்.

- மாலிப்டினம் இருசல்பைடு: இத்தாள்களின் விளிம்புகளிலேயே ஐதரசன் உருவாகிறது என்பது 2007 இல் சோதனை மூலம் உறுதி செய்யப்பட்டது. தாளின் பரப்பைவிட விளிம்பின் நீளமே வினைத்திறனைத் தீர்மானிக்கிறது.
- நிக்கல்-இரும்பு அடுக்கு இரட்டை ஐதராக்சைடு: காரச் சூழலில் ஆக்சிசன் வெளியேற்றத்துக்கு ஏற்றது. இதன் அடுக்குகளைத் தனித்தனித் தாள்களாகப் பிரித்தால் வினைத்திறன் உயர்கிறது என்று 2014 இல் சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் அறிவித்தனர்.

தயாரிப்பு

அடுக்குப் பொருளைக் கரைப்பானில் இட்டு மீயொலியால் பிரிப்பது ஒரு முறையாகும். உலோக உப்புக் கரைசலை மூடிய கலத்தில் சூடாக்கி, நிக்கல் நுரையின் மீது தாள்களை நேரடியாக வளர்ப்பது மற்றொரு முறையாகும். முலாம் பூசுவதைப் போன்ற மின்படிவு முறையும் உண்டு. நேரடியாக வளர்ந்த தாள்களுக்குப் பசை தேவையில்லை என்பதால் அவை எளிதில் உதிர்வதில்லை.

குறைபாடுகள்

ஆய்வகங்களில் வினையூக்கிகள் பெரும்பாலும் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 10 மில்லியாம்பியர் என்ற மின்னோட்ட அடர்த்தியில் ஒப்பிடப்படுகின்றன. தொழிலக மின்பகுப்பான்களில் இது பல நூறு மில்லியாம்பியர் முதல் ஓர் ஆம்பியருக்கு மேலும் இருக்கும். மேலும், அவை பல்லாயிரம் மணிநேரம் இயங்க வேண்டும். இந்நிலையில் தாள்கள் மீண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக்கொள்வது, இரும்பு கரைந்து வெளியேறுவது, வளிமக் குமிழிகளால் தாள்கள் பெயர்வது ஆகியன சிக்கல்களாகும். நிக்கல்-இரும்புத் தாள்கள் அமிலத்தில் கரைந்துவிடுவதால் இரிடியத்துக்கு நேரடி மாற்றாக அமைய இயலாது. காரவகை மின்பகுப்பான்களுக்கே பொருந்தும்.

தமிழ்நாட்டில்

காரைக்குடியில் 1953 முதல் இயங்கும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்தில், அடுக்கு இரட்டை ஐதராக்சைடுகள் உள்ளிட்ட நீர்ப்பகுப்பு வினையூக்கிகள் ஆராயப்படுகின்றன. தூத்துக்குடி வ.உ.சிதம்பரனார் துறைமுகத்தில் பசுமை ஐதரசன் முன்னோடித் திட்டம் ஒன்று 2025 செப்டம்பரில் தொடங்கப்பட்டது.

சென்னையில் அம்பத்தூருக்குக் கிழக்கே அமைந்துள்ள பெரம்பூர் இணைப்புப் பெட்டித் தொழிற்சாலையில், ஐதரசனால் இயங்கும் தொடருந்துப் பெட்டி 2025 சூலையில் சோதிக்கப்பட்டது. இத்தொடருந்துக்கு அரியானாவின் ஜீந்து-சோனிபத்து வழித்தடம் தேர்ந்தெடுக்கப்பட்டது.

ஒரு கிலோகிராம் ஐதரசனுக்குக் கோட்பாட்டளவில் 9 லிட்டர் தூய நீர் செலவாகும். ஒரு டன்னுக்கு 9,000 லிட்டர், அதாவது ஒரு தண்ணீர் லாரி அளவு நீர் தேவை; தூய்மைப்படுத்தல், குளிர்வித்தல் ஆகியவற்றுக்கான நீர் இதில் சேராது. அதே ஒரு டன்னுக்கு ஏறத்தாழ 50,000 அலகு மின்சாரமும் வேண்டும். பூந்தமல்லிக்கு அருகிலுள்ள செம்பரம்பாக்கம் ஏரி 2019 இல் வறண்டதைக் கருதினால், சென்னைப் பகுதியில் பெரிய அளவிலான உற்பத்திக்குக் கடல்நீரையும் கருத வேண்டியிருக்கும். கடல்நீரிலுள்ள குளோரைடு மின்வாய்களை அரிக்கும். ஆகவே கடல்நீரை முதலில் நன்னீராக்குவதா, குளோரைடைத் தாங்கும் வினையூக்கியைக் கொண்டு நேரடியாகப் பகுப்பதா என்பது ஆய்வுக்குரிய வினாவாக உள்ளது. நன்னீராக்கலுக்கு ஆகும் மின்சாரம், நீர்ப்பகுப்புக்கு ஆவதில் மிகச் சிறு பங்கே என்பதால், முதல் வழியே இப்போதைக்கு எளிதானதாகக் கருதப்படுகிறது.

இவற்றையும் பார்க்கவும்

- நீரின் மின்னாற்பகுப்பு
- எரிபொருள் கலம்
- கிராபீன்